பாலாடாவில் நடுங்கிய லாரி: குளிர்கால ஐட்லிங் கோளாறு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் அதன் ஓட்டமும்

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். மலைக்கு ஏறி இறங்கும் காய்கறி வண்டிகள்தான் எனக்குப் பெரும்பாலான வேலை. இங்கே எழுதுவது அப்படி ஒரு வண்டியைப் பற்றி. ஆறு சக்கர லாரி, நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின், காமன் ரயில் (ஹை பிரஷர் பம்ப் அழுத்தும் டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு), பிஎஸ் 4 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரம். பட்டறைக்கு வந்தபோது மீட்டரில் இரண்டே கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஓனர் ஒருவர், சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் ஒருவர். இருவரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வண்டி ஏற்றுவது கேரட். கேத்தி பாலாடா பக்கம் நடுராத்திரி தாண்டியதுமே கேரட் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். பிடுங்கியதை மெஷினில் கழுவி, மூட்டை பிடித்து, விடிவதற்குள் வண்டியில் ஏற்றி, காலை மண்டி நேரத்துக்கு மேட்டுப்பாளையம் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். அதனால் லாரி முந்தின நாள் மாலையே மேலே போய் நின்றுவிடும். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற வண்டிக்கு விடிகாலை 4 மணி வாக்கில் முதல் ஸ்டார்ட். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக் குளிர் எப்படி என்பது புல் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வண்டியில் குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும், சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் கிடையாது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரும் கிடையாது. சமவெளி ஓட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

புகார்

டிசம்பர் கடைசியில் டிரைவர் சொன்னது இது: மேலே காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. பிடித்ததும் வண்டி கிடுகிடுவென்று நடுங்குகிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது, கேபின் கண்ணாடி அதிர்கிறது. நாலைந்து நிமிடம் அப்படியே இருந்து மெல்லக் குறைகிறது. கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. ஏற்றத்தில் இழுவை குறையவில்லை. மேட்டுப்பாளையத்தில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தொட்டதும் ஸ்டார்ட்.

"குளிருக்குத்தானுங்ணா இப்படிப் பண்ணுது. கீழ வந்துட்டா தங்கமாட்ட ஓடுதுங்க" என்றார்.

இதோடு இன்னொரு விஷயமும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி பிடிக்காமல் போனால் லோடு கெடும், மண்டி நேரம் தவறும் என்ற பயத்தில் டிரைவர் ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து ஸ்டார்ட் செய்து, லோடு ஏறி முடியும்வரை அணைக்காமல் விட்டிருக்கிறார். டீசல் கணக்கு ஏறியது. ஓனருக்கு டிரைவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வாரச் சம்பளத்தில் பிடித்தமும் செய்துவிட்டார். இதை டிரைவர் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். எனக்கு இது வெறும் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது) கோளாறாக அப்புறம் தெரியவில்லை.

பட்டறைக்கு வருமுன் செய்தவை

மேலே யாரோ "டீசல் உறைகிறது, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துவிடு" என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் ஒரு வாரம் கலந்திருக்கிறார். மாற்றம் இல்லை. காமன் ரயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. ஹை பிரஷர் பம்புக்கு டீசலின் வழவழப்புத்தான் உயவு, மண்ணெண்ணெயில் அது போதாது. உடனே நிறுத்தச் சொன்னேன்.

டீசல் உறையும் என்ற சந்தேகம் முட்டாள்தனமானது அல்ல. நம் நாட்டு டீசலுக்கான ஐஎஸ் 1460 தரத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்கும் டீசல் 6 டிகிரி வரைக்கும், மற்ற மாதங்களில் விற்பது 18 டிகிரி வரைக்கும் பில்டரை அடைக்காமல் போனால் போதும். லடாக்கில் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடக்கூடிய தனி டீசலை 2019இல் கொண்டுவந்ததே இதனால்தான். நீலகிரியின் ஜனவரி விடிகாலை அந்த 6 டிகிரிக்குக் கீழே தாராளமாகப் போகும். ஆனால் டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் கட்டிப் பில்டரை அடைத்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டும். ஐட்லிங்குக்குத் தேவைப்படும் டீசல் கொஞ்சம்தான். பில்டர் பாதி அடைத்திருந்தாலும் அது கிடைத்துவிடும். லோடு ஏற்றி மேடு ஏறும்போதுதான் வண்டி திணறும். இங்கே நடந்தது நேர்மாறு. ஐட்லிங்கில் நடுக்கம், மேட்டில் நல்ல இழுவை.

பட்டறையில் எடுத்த முதல் முடிவு

இந்த வேறுபாட்டை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஜனவரி முதல் வாரம் வண்டி வந்தபோது வரிசையில் இன்னும் மூன்று வண்டிகள் நின்றிருந்தன. பில்டர் இரண்டையும் மாற்றினேன். பேட்டரி, செல்ஃப் பார்த்தேன், சரியாக இருந்தன. ஸ்கேனரில் பழைய கோளாறு எதுவும் பதிவாகவில்லை. ஓடிய கிலோமீட்டரையும், காலை வெள்ளைப் புகையையும் வைத்து, நாசில் தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி நாலு இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம், அதன் நுனிதான் நாசில்) கழற்றி லேபுக்கு அனுப்பினேன்.

லேப் ரிப்போர்ட்டில் இரண்டு இன்ஜெக்டரில் ரிட்டர்ன் (தெளிக்காமல் திரும்பிப் போகும் டீசல்) கொஞ்சம் அதிகம் என்று வந்தது, அளவுக்கு மீறியதாக இல்லை. இருந்தாலும் சர்வீஸ் செய்யச் சொல்லிவிட்டேன். மாட்டி, நாலு இன்ஜெக்டரின் கோட் எண்களையும் இசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏற்றிக் கொடுத்தேன். கீழே வண்டி அருமையாக ஓடியது. ஆனால் கீழே அது முன்பும் அருமையாகத்தான் ஓடியது. புகாரை நான் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை. பார்க்காத கோளாறுக்கு ஓனரின் பணத்தைச் செலவழிக்க வைத்தேன்.

மறுநாளே போன் வந்தது. அதே நடுக்கம்.

மூன்று வித்தியாசங்கள்

அன்று சாயங்காலம் ஒரு தாளை எடுத்து, வண்டி நன்றாக இருக்கும் இடத்துக்கும் கெட்டுப்போகும் இடத்துக்கும் என்னென்ன வித்தியாசம் என்று எழுதினேன்.

முதலாவது, எல்லோரும் சொல்லும் குளிர். 30 டிகிரி காற்றுக்குப் பதில் 5 டிகிரி காற்று உள்ளே போனால் வித்தியாசம் 25 டிகிரிதான் என்று நினைத்துவிடக் கூடாது. சிலிண்டருக்குள் அமுக்கும்போது அந்த வித்தியாசம் இரண்டரை மடங்காகிறது. டீசல் பற்றுவது அந்தச் சூட்டில்தான் என்பதால் குளிர்ந்த இன்ஜின் கொஞ்சம் தடுமாறுவது இயல்பே.

இரண்டாவது, உயரம். பாலாடா சுமார் 2,000 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்குவதற்கே காற்று குறைவாகக் கிடைக்கிறது.

மூன்றாவது எது என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவரையே கேட்டேன்: ராத்திரி எங்கே, எப்படி நிறுத்துவீர்கள்? கேரட் கழுவும் இடம் ஒரு சரிவின் அடியில் இருக்கிறது, வண்டியின் பின்பக்கம் மூட்டை ஏற்றும் களத்தைப் பார்த்து நிற்கும், முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிற்கும், சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவோம் என்றார். டேங்கில் டீசல் எவ்வளவு இருக்கும் என்றேன். ஓனர் அளந்துதான் போடுகிறார், காலையில் கால் டேங்குக்கும் குறைவு என்றார்.

பட்டறையிலும் மண்டியிலும் தரை மட்டமாக இருக்கும். எனவே தாளில் மூன்றாவது வரியாகச் சரிவு என்று எழுதி, பக்கத்தில் டேங்கின் அளவையும் குறித்துக்கொண்டேன். கீழே இருந்துகொண்டு இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

முதல் காலை

எதையும் தொடுவதில்லை, பார்ப்பது மட்டும் என்று முடிவு செய்துகொண்டேன். விடிகாலை 4 மணி, வெளியே 4 டிகிரி. ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் மூன்று சூட்டளவைப் பார்த்தேன்: கூலன்ட் 6, உள்ளே போகும் காற்று 5, டீசல் 8. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், இருந்தன. கூலன்ட் சென்சார் பொய் சொல்லி, இசியு குளிருக்கு ஏற்ற டீசலைக் கொடுக்காமல் விடுகிறது என்ற சந்தேகம் அதோடு போனது. பிரீ பில்டர் (டேங்கிலிருந்து வரும் டீசலின் முதல் வடிகட்டி) கிண்ணத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். டீசல் தெளிவாக இருந்தது, கலங்கல் இல்லை. டேங்கில் இருந்தது இன்னும் 8 டிகிரி என்பதால் மெழுகு கட்டும் அளவுக்கு அது இறங்கவில்லை.

செல்ஃப் அடித்தேன். இன்ஜின் நன்றாகச் சுற்றியது, பேட்டரியில் குறை இல்லை. ஆனால் ரயில் பிரஷர் (அந்தப் பொதுக் குழாயில் டீசலின் அழுத்தம்) ஏற மறுத்தது. இன்ஜெக்டர் திறக்க இசியு 200 பார் அளவையாவது எதிர்பார்க்கும். அதைத் தொடவே 9 வினாடி ஆனது. அப்புறம் பிடித்தது, நடுங்கியது, வெள்ளைப் புகை. புகையில் கண்ணை எரிக்கும் பச்சை டீசல் வாடை.

அடுத்துப் பார்த்ததுதான் இந்த வழக்கின் திருப்பம் என்று இப்போது நினைக்கிறேன். ஐட்லிங்கில் இசியு ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று பார்த்து, பின்தங்கும் சிலிண்டருக்குக் கொஞ்சம் கூடுதல் டீசல் கொடுக்கும். அந்தத் திருத்தத்தை ஸ்கேனரில் சிலிண்டர் பேலன்ஸ் என்று பார்க்கலாம். ஒரு இன்ஜெக்டர் கெட்டிருந்தாலோ, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்திருந்தாலோ, எண் எப்போதும் அந்த ஒன்றில்தான் ஏறி நிற்கும். இங்கே எண்கள் நிற்கவே இல்லை. ஒரு நொடி இரண்டாவது சிலிண்டர் பின்தங்கியது, அடுத்த நொடி நாலாவது, அப்புறம் ஒன்றாவது. ரயில் பிரஷரும் கூடவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சூடான வண்டியில் அது 10, 15 பாருக்குள் நிற்கும், இங்கே 60, 70 பார் ஆடியது.

கோளாறு எந்த ஒரு சிலிண்டரிலும் இல்லை, நாலுக்கும் பொதுவான ஒன்றில் இருக்கிறது. நாலுக்கும் பொதுவாக வருவது டீசல். டீசலோடு வேறு ஏதோ வருகிறது.

பத்து நிமிடத்தில் எண்கள் அமைதியாகின. வண்டி கீழே இறங்கியது.

இரண்டாம் காலை

இந்த வண்டியில் டேங்கிலிருந்து டீசலை இழுப்பது ஹை பிரஷர் பம்போடு சேர்ந்தே இருக்கும் கியர் ஃபீட் பம்ப். டேங்க், டீசல் லைன், கையால் அடித்து டீசலை நிரப்பும் ஹேண்ட் பிரைமரோடு கூடிய பிரீ பில்டர், ஃபீட் பம்ப் என்று போகும் அந்தப் பாதை முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். தரையில் சொட்டு விழாது, லைனில் ஈரம் இருக்காது, தூசி ஒட்டாது. ஒழுகாத கசிவு. கண்ணால் தேடினால் அகப்படாது.

சாயங்காலம் மேலே போனதும், பிரீ பில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு, டீசல் தாங்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும் ட்யூபைப் போட்டேன். பிரீ பில்டருக்கு முன்னால் இருக்கும் எந்த இணைப்பையும் கை வைக்கவில்லை. சந்தேகப்படும் இணைப்பைத் தொட்டுவிட்டால் அது தற்காலிகமாகச் சரியாகிப் போய்விடும், அப்புறம் காரணம் கிடைக்காது. பிரைமரை அடித்து, ஸ்டார்ட் செய்து, ட்யூபில் டீசல் நிரம்பி ஓடுவதைப் பார்த்துவிட்டு அணைத்தேன். வண்டி வழக்கமான இடத்தில், முன்பக்கம் மேடாக.

விடிகாலை போர்வையோடு போய் டார்ச் அடித்தேன். ட்யூபின் மேல் பாதி காலி. டீசல் மட்டம் ட்யூபுக்குள் ஒரு கோடாகத் தெரிந்தது, அதற்கு மேலே உட்பக்கச் சுவரில் ஒட்டிய பொடிப் பொடி முத்துகள். டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

செல்ஃப் அடித்ததும் ட்யூபில் முதலில் வந்தது நுரை. பிறகு டீசலும் குமிழியுமாக மாறி மாறி ஓடியது. குமிழி குறையக் குறைய நடுக்கமும் குறைந்தது.

நுரை வந்தால் ஏன் ஐட்லிங் மட்டும் ஆட வேண்டும்? ஐட்லிங்கில் ஒவ்வொரு முறையும் தெளிக்கும் டீசல் சில மில்லிகிராம்தான். பிரஷர் கொஞ்சம் ஆடினாலும் அந்தச் சின்ன அளவில் பெரிய வித்தியாசம் விழும். லோடில் டீசல் அதிகமாக ஓடும், அந்த ஓட்டத்தில் இதே காற்று கண்ணுக்கே தெரியாமல் கரைந்து போகும்.

மூன்றாம் காலை

காற்று வருவது தெரிந்துவிட்டது. ஆனால் அது குளிரால் வருகிறதா, சரிவால் வருகிறதா? இளநீர் உறிஞ்சும் குழாயின் மேல் வாயை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருப்பது விழாது, விரலை எடுத்தால் விழும். டீசல் லைனும் அப்படித்தான். மேலே எங்கோ காற்று புகும் வழி இருந்தால், அணைத்து நிறுத்திய வண்டியில் டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே திரும்பிப் போகும். டேங்க் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் போகும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், இன்ஜினுக்கும் டேங்குக்கும் இடையே இரண்டு மீட்டர் இருந்தால், இன்ஜின் 20 சென்டிமீட்டர் கூடுதலாக உயர்ந்துவிடும். டேங்கில் டீசல் அடியில் கிடந்தால் அதற்கும் மேல்.

அன்று ராத்திரி அதே இடத்தில் வண்டியைத் திருப்பி, முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். அதே உயரம், அதே டீசல் அளவு. விடிகாலையில் 3 டிகிரி, முந்தின நாளைவிடக் குளிர்.

இரண்டு வினாடியில் பிடித்தது. நடுக்கம் கிட்டத்தட்ட இல்லை. ட்யூப் நிரம்பியிருந்தது. அரை நிமிடம் லேசான வெள்ளைப் புகையும், குளிர்ந்த டீசல் இன்ஜினுக்கே உரிய கடகடப்பும் இருந்தன, அவ்வளவுதான். ஆனால் ட்யூபுக்குள் குனிந்து பார்த்தால், ஓடும் டீசலில் இன்னும் நூல் போல மெல்லிய குமிழி வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. சரிவை எடுத்துவிட்டதால் டீசல் திரும்பிப் போகவில்லை, ஓட்டை அப்படியேதான் இருக்கிறது.

குளிரையும் உயரத்தையும் மாற்றாமல் நிறுத்தும் திசையை மட்டும் மாற்றியதில் இது தெரிந்தது. ஒரு மாதமாக எல்லோரும், நானும்தான், குளிர், குளிர் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேட்டுப்பாளையத்தில் ஐஸ் வைத்துப் பார்த்தது

அப்படியானால் குளிருக்குப் பங்கே இல்லையா? அதையும் பார்த்துவிட வேண்டும் என்று வண்டியை ஒரு நாள் கீழே நிறுத்த ஓனரிடம் கேட்டேன். ஒரு நாள் லோடு போகும் என்று முதலில் தயங்கினார். டிரைவர் எடுத்த வீடியோவைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

முன் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். விடிகாலையில் பட்டறையில் 20 டிகிரி. ட்யூபில் விரல்கடை அளவு மட்டும் காலி, மூன்று வினாடியில் ஸ்டார்ட், சின்னதாக ஒரு தடுமாற்றம். கோளாறு இங்கேயும் வரத்தான் செய்தது, பலவீனமாக.

அடுத்து, மீன் கடையிலிருந்து வாங்கி வந்த ஐஸை நொறுக்கி, பிளாஸ்டிக் பைகளில் கட்டி, உறிஞ்சும் பக்கத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாக வைத்தேன். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. டேங்க் மேல் இணைப்பில் அரை மணி நேரம் வைத்தும் ட்யூபில் ஒன்றும் இல்லை. பிரைமர் மேல் வைத்தேன், ஒன்றும் இல்லை. பிரீ பில்டருக்குள் டீசல் நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குவிக் கனெக்டரைச் சுற்றி வைத்த இருபது நிமிடத்தில் ட்யூபில் குமிழி கிளம்பியது. பையை எடுத்துவிட்டு வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினேன். ஐந்து நிமிடத்தில் குமிழி நின்றது. திரும்ப ஐஸ் வைத்தேன், திரும்ப வந்தது. இன்ஜின் சூடு ஏறி அந்த இடத்துக்கு எட்டும்வரைதான் மேலே நடுக்கம் இருந்தது, கால் மணி நேரத்தில் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வட்டமாக இல்லை. ஒரு பக்கம் தட்டையாகி, குறுக்கே வெட்டிப் பார்த்தால் அரைவட்டமாகத் தெரிந்தது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் உள்வாங்கவில்லை, பிளாஸ்டிக் போல இருந்தது. வளைத்தால் வெளி விளிம்பில் முடி போல வெடிப்புகள். இப்படிக் கெட்டியான ரப்பர் சூட்டில் கொஞ்சம் இளகி இடத்தை அடைத்துக்கொள்ளும், குளிரில் சுருங்கி வழி விடும். நாலு மாதம் முன்பு வெளியூரில் பிரீ பில்டர் மாற்றியபோது, பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டுவிட்டதாக டிரைவர் நினைவுபடுத்திச் சொன்னார்.

செய்த பழுது

டீசலுக்கென்றே செய்த ஓ-ரிங், புது குவிக் கனெக்டரோடு. பிரைமரின் ஓ-ரிங்கும் அதே வயதுதான் என்பதால் அதையும் மாற்றினேன். பேன்ஜோ போல்ட் (நடுத் துளை வழியே டீசல் போகும் போல்ட்) இருந்த இடத்தில் காப்பர் வாஷர் இரண்டும் புதிது. லைனின் இரு முனையையும் அடைத்து, கையால் இழுக்கும் வேக்யூம் பம்பை மாட்டிப் பத்து நிமிடம் பார்த்தேன், முள் அசையவில்லை. இதே சோதனையைப் பழைய கனெக்டரில் ஐஸோடு செய்தபோது ஒரு நிமிடத்தில் பாதி இறங்கியிருந்தது.

மண்ணெண்ணெய் ஓடிய வண்டி என்பதால் மெயின் பில்டரை அறுத்துப் பிரித்து, தாளை வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தேன். இரும்புத் தூள் எதுவும் விழவில்லை.

மாற்றிய சாமான்களின் மொத்த விலை, நான் தேவையில்லாமல் செய்ய வைத்த இன்ஜெக்டர் வேலையில் ஒரு சின்னப் பங்குகூட வராது. இன்ஜெக்டர் கழற்றி மாட்டிய கூலியை ஓனருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். லேபுக்குக் கொடுத்தது போனது போனதுதான்.

பிறகு

கண்ணாடி ட்யூபை இன்னும் மூன்று நாள் வண்டியிலேயே விட்டுவைத்தேன். மூன்று நாளும் முன்பக்கம் மேடாக, கால் டேங்க் டீசலோடு, வழக்கமான இடத்தில்தான் நிறுத்தினார்கள். வெளியே 3 முதல் 6 டிகிரி. மூன்று நாளும் இரண்டு வினாடிக்குள் ஸ்டார்ட். ட்யூபில் குமிழி இல்லை. ரயில் பிரஷர் ஸ்டார்ட் ஆன அரை நிமிடத்தில் அமைதி. லேசான வெள்ளைப் புகை மட்டும் முதல் அரை நிமிடம் இருந்தது. அது 2,000 மீட்டரில் 4 டிகிரியில் ஹீட்டர் இல்லாத இன்ஜினுக்கு உரியது, அதைப் பழுதாக எண்ணி மேலும் எதையும் கழற்றவில்லை. பிறகு ட்யூபை எடுத்துவிட்டுப் பழைய லைனைப் போட்டேன். பிப்ரவரி கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தேன். புகார் திரும்ப வரவில்லை.

டிரைவர் இப்போது இரண்டு மணிக்கு எழுந்திருப்பதில்லை. டீசல் கணக்கு பழைய நிலைக்கு வந்தது. பிடித்த பணத்தை ஓனர் அடுத்த வாரச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அதைச் சொல்ல டிரைவர் பட்டறைக்கே வந்தார்.

இனி என்ன மாற்றிச் செய்வேன்

இன்ஜெக்டரைக் கழற்றும் முன் கோளாறு நடக்கும் நேரத்தில் சிலிண்டர் பேலன்ஸைப் பார்ப்பேன். எண் ஒரே சிலிண்டரில் நின்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போகலாம். எண் ஓடிக்கொண்டே இருந்தால் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம், முதலில் டீசல் வரும் வழி. இதைக் கீழே சூடான வண்டியில் பார்த்துப் பயனில்லை. மலைக்கு ஒரு ராத்திரி போய்வரும் செலவை ஓனரிடம் முதலிலேயே சொல்லிக் கேட்பேன். இந்த வண்டியில் அந்த ஒரு ராத்திரி லேப் செலவை முழுதாக மிச்சப்படுத்தியிருக்கும்.

பிரீ பில்டர் மாற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் கனெக்டர் ஓ-ரிங்கைச் சேர்த்தே பில் போடுகிறேன். வேண்டாம் என்பவர்களுக்கு அந்தத் தட்டையான பழைய ஓ-ரிங்கை எடுத்துக் காட்டுகிறேன். மேசை டிராயரில் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

வண்டி வந்ததும் பையன்கள் எழுதும் ஜாப் கார்டிலும் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். "ராத்திரி வண்டி நின்ற இடம் மட்டமா, சரிவா? சரிவு என்றால் முன்பக்கம் மேடா, பள்ளமா?" என்பது ஒன்று. "டேங்கில் டீசல் எவ்வளவு?" என்பது இன்னொன்று. போன வாரம் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு வேனுக்கு, காலையில் மட்டும் நடுங்குகிறது என்ற அதே புகார். கார்டில் பையன் எழுதியிருந்தது: மட்டமான ஷெட், முக்கால் டேங்க். ஸ்கேனரில் மூன்றாவது சிலிண்டரின் எண் அசையாமல் ஏறி நின்றது. அதற்கு இன்ஜெக்டரைத்தான் கழற்றினோம்.